குடும்ப ஜெபத்தில் அழுகைக்கு இடம்

தமிழ்ப் புராட்டஸ்டண்டு வீடுகளின் குடும்ப ஜெபத்துக்குத் தலைமுறைகளாகப் பழகிப்போன ஓர் ஒழுங்கு உண்டு. இரவுச் சாப்பாட்டுக்கு முன்போ பின்போ பாய் விரிப்பார்கள். ஒரு கீர்த்தனையோ பாமாலைப் பாட்டோ பாடுவார்கள். வேதத்திலிருந்து ஓர் அதிகாரம் ஆளுக்கொரு வசனமாகச் சுற்றிவரும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் அதில் பங்குண்டு. பிறகு அப்பாவோ தாத்தாவோ ஜெபிப்பார். தேர்வு எழுதும் பிள்ளை, வரன் பார்க்கும் பெண், மூட்டுவலியில் கிடக்கும் ஆச்சி, சவுதியில் வேலை செய்யும் சித்தப்பா, சபை, போதகர், தேசத்தின் தலைவர்கள் என்று ஒருவர் விடாமல் ஜெபம் போகும். பரமண்டல ஜெபத்தோடு முடியும். இந்த ஒழுங்கை நான் மிகவும் மதிக்கிறேன். நாள் முடிவில் வீட்டிலுள்ள அத்தனை பேரையும் ஒரே பாயில் உட்கார வைக்க வேறெந்தப் பழக்கத்தாலும் இவ்வளவு காலம் முடிந்ததில்லை. ஆனால் அந்த ஜெபத்தில் என்னென்ன வருகிறது என்று கவனித்தால், வருவதெல்லாம் தீர்வு கேட்கும் காரியங்கள் என்று தெரியும். மதிப்பெண், வேலை, சுகம், கலியாணம், விசா. மருமகளுக்கு இந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது என்பதோ, பதினாறு வயதுப் பையனுக்குப் பள்ளிக்கூடம் போகவே பயமாக இருக்கிறது என்பதோ, அம்மாவுக்குக் கொஞ்ச காலமாக ஜெபிக்கவே மனம் வரவில்லை என்பதோ அதில் வருவதில்லை. வந்தாலும் உருமாறி வருகிறது. இந்தப் பிள்ளைக்குக் கீழ்ப்படிகிற இருதயத்தைத் தாரும் என்று ஆண்டவரிடம் சொல்லும்போது, அது பக்கத்தில் கண்மூடி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு விழும் திட்டு. பிள்ளையால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஜெபத்துக்கு நடுவில் யார் குறுக்கே பேசுவது?

குடும்பத்தின் ஆவிக்குரிய தேவை ஒன்று, மனத்தின் தேவை வேறொன்று என்று நாம் பிரித்து வைத்திருப்பதால் வரும் குறை இது. முதலாவதை வேதவாசிப்பும் ஜெபமும் சபையும் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது விசுவாசம் வளர வளரத் தானாகச் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். இந்தப் பிரிவினையே தவறு என்பது என் வாதம். கிறிஸ்தவ விசுவாசத்தின் அடிப்படை, கேட்கிற கடவுள். எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகளின் பெருமூச்சைக் கேட்டு இறங்கி வந்தவர் என்றுதான் யாத்திராகமம் அவரைக் காட்டுகிறது. அந்த மக்கள் முறைப்படி ஜெபித்ததாகக்கூட அங்கே சொல்லப்படவில்லை. முனகினார்கள், கதறினார்கள், அவ்வளவுதான். தன் முனகலை வீட்டில் ஒருவரும் கேட்டறியாத பிள்ளை, கடவுள் கேட்கிறார் என்ற வாக்கியத்தை மனப்பாடம் செய்துவிடும், நம்புவதுதான் கஷ்டம். ஆகவே வீட்டிலிருப்பவரின் மனத்தைக் கேட்பதை ஆவிக்குரிய ஊழியத்துக்குத் துணைவேலை என்று தள்ளிவைக்க முடியாது. வீட்டுக்குள் அந்த ஊழியம் அங்கேதான் தொடங்குகிறது.

வீட்டுத் தலைவரே வீட்டின் போதகர் என்னும் எண்ணம் நமக்கு வந்த வழி தெளிவானது. மார்ட்டின் லுத்தர் 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தின் பகுதிகளுக்குத் தலைப்பிடும்போதே, குடும்பத் தலைவர் இதைத் தம் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்க வேண்டும் என்று குறித்திருந்தார். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தொடக்கத்திலேயே தமிழாக்கிய நூல்களில் அதுவும் ஒன்று. கேள்வியும் பதிலுமாகக் கற்பிக்கும் அந்த முறை பள்ளிக்கூடம் பார்க்காத வீடுகளிலும் வேதத்தைப் புழங்கவைத்தது. சாதாரண நன்மையல்ல அது. ஆனால் பழக்கத்தில், கேட்பவர் பெரியவர், ஒப்பிப்பவர் பிள்ளை என்று ஆகிவிட்டது. உபாகமம் ஆறாம் அதிகாரத்தைச் சபைகளில் அடிக்கடி எடுத்துப் பேசுவார்கள். வீட்டில் உட்காரும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் பிள்ளைகளுக்குக் கற்பனைகளைச் சொல்ல வேண்டும் என்னும் பகுதி அதில் உண்டு. அதே அதிகாரத்தின் இறுதிப் பகுதிக்குப் பெரும்பாலும் போவதில்லை. அங்கே கேள்வி கேட்பவன் மகன். இதெல்லாம் எதற்கு என்று பிற்காலத்தில் அவன் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று தகப்பனுக்குக் கற்றுத்தரப்படுகிறது. தகப்பன் தரும் பதிலும் கட்டளையில் தொடங்குவதில்லை. தாங்கள் பார்வோனுக்கு அடிமைகளாகக் கிடந்த கதையில் தொடங்குகிறது. தன் குடும்பத்தின் அவமானத்தைப் பிள்ளைக்கு முதலில் சொல்லிவிட்டுத்தான் அவன் கர்த்தரின் விடுதலைக்கு வருகிறான். பஸ்காவைப் பற்றிய யாத்திராகமப் பகுதியிலும் இதே அமைப்புதான்: பிள்ளை கேட்கும், பெரியவர்கள் சொல்லுவார்கள்.

எது கேட்பது, எது கேட்பதாகாது என்பதை வேதம் மிக நுட்பமாகக் காட்டும் இடம் 1 சாமுவேல் முதல் அதிகாரம். எல்க்கானாவின் வீடு பக்தியுள்ள வீடு. வருடந்தோறும் குடும்பமாகச் சீலோவுக்குப் போகிறார்கள். பலியிட்டதைப் பங்கிடும் நேரத்தில் அவனுடைய இன்னொரு மனைவி பெனின்னாளுக்கும் அவள் பெற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் பங்கு போகிறது. பிள்ளையில்லாத அன்னாளுக்கு எல்க்கானா பிரியத்தோடு இரட்டிப்பாகக் கொடுக்கிறான். வருடத்தில் அவளுக்கு அதிகம் வலிக்கிற நாள் இந்த ஆராதனை நாள்தான் என்பதை அந்த அதிகாரம் மறைக்கவில்லை; அவள் அழுகிறாள், சாப்பிடவில்லை. ஏன் அழுகிறாய், ஏன் சாப்பிடவில்லை என்று கணவன் கேட்கிறான். நல்ல கேள்விகள். ஆனால் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பத்துப் பிள்ளைகளுக்கு நான் ஈடாக மாட்டேனா என்கிற பொருளில் அவனே பேச்சை முடித்துவிடுகிறான். அவன் அன்பு உண்மையானது. இருந்தும் அவளுடைய துக்கம் அவன் காதில் தன் மேல் வைத்த குறையாக விழுகிறது; உடனே தன்னை நிரூபிக்கப் போய்விடுகிறான். நம் வீடுகளில் நல்ல கணவர்களும் நல்ல தகப்பன்மார்களும் செய்யும் தவறு பெரும்பாலும் இதுதான். உனக்கு இங்கே என்ன குறை வைத்தேன் என்ற கேள்வியை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். எவ்வளவு பாசத்தோடு கேட்டாலும் அதற்குப் பிறகு எதிரே இருப்பவர் ஒன்றும் சொல்ல முடியாது.

அடுத்து வருவது ஆசாரியன் ஏலி. சத்தம் வராமல் உதடு மட்டும் அசையும் பெண்ணைப் பார்த்துக் குடிவெறி என்று முடிவுகட்டுகிறார். அன்னாள் மறுக்கிறாள், தான் கர்த்தருக்கு முன்னால் மனத்தை ஊற்றிக்கொண்டிருந்ததாகச் சொல்கிறாள். ஏலியின் பெருமை, அந்த இடத்திலேயே அவர் தன் தீர்ப்பைக் கைவிட்டுவிடுவதில் இருக்கிறது. விளக்கம் கேட்கவில்லை, புத்தி சொல்லவில்லை. சமாதானத்தோடு போ, நீ கேட்டதைக் கடவுள் தருவாராக என்கிறார். அவள் கேட்டது என்னவென்று அவருக்குத் தெரியாது. அவள் சொல்லவுமில்லை, அவர் துருவவுமில்லை. அதன்பின் அவள் போய்ச் சாப்பிட்டாள், முகவாட்டம் மாறியது என்று அதிகாரம் சொல்கிறது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். பிள்ளை உண்டாகவில்லை. அவளை நோகடித்துவந்த பெனின்னாள் மாறவில்லை. இன்னும் ஊருக்கே திரும்பவில்லை. மாறியது ஒன்றே ஒன்று: அவள் சொன்னதை அவள் சொன்னபடியே ஒரு மனிதர் ஏற்றுக்கொண்டார். பிறகு அவளுக்குச் சாமுவேல் பிறந்ததைத்தான் நாம் சாட்சிக் கூட்டங்களில் சொல்கிறோம். அன்னாள் சாப்பிட்டதையும் சொல்ல வேண்டும். பதில் கிடைக்காத வீடுகளே சபையில் அதிகம். அவர்களுக்கு இந்த அதிகாரம் தரக்கூடியது அந்த ஒரு வேளைச் சாப்பாடுதான்.

இப்படிக் கேட்பதற்கு வரும் முதல் ஆட்சேபம், உணர்ச்சிகளை நம்பக்கூடாது என்பது. இருதயம் திருக்குள்ளது என்று எரேமியா சொன்னதை எடுத்துக்காட்டி, துக்கத்தைப் பேசவிட்டால் முறுமுறுப்பும் அவிசுவாசமும் வளரும் என்பார்கள். இதை லேசாகத் தள்ள முடியாது. வனாந்தரத்தில் முறுமுறுத்தவர்களின் கதையும் வேதத்தில் இருக்கிறது. ஆனால் அவர்கள் மோசேக்கு எதிராகக் கூடாரத்துக்குள் இருந்து பேசினார்கள்; சங்கீதக்காரர்கள் அதே கசப்பைக் கர்த்தரிடமே கொண்டுபோனார்கள். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். 88ஆம் சங்கீதம் ஆறுதல் எதுவும் இல்லாமல் இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதைத் தொகுத்தவர்கள் கடைசியில் ஒரு துதியை ஒட்டவைக்கவில்லை. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. பிறகு இறையியல் பேசத் தொடங்கினார்கள், அதுவும் பெரும்பாலும் நாம் பிரசங்கங்களில் கேட்கும் இறையியல். முடிவில் கர்த்தர் கோபித்தது அவர்கள்மேல். தன் பிறந்த நாளைச் சபித்த யோபுதான் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசினான் என்கிறார். துக்க வீடுகளில் நாம் அந்தப் புத்தகத்தின் முதல் அதிகாரத்தை வாசித்துவிட்டு மூடிவிடுகிறோம். எடுத்ததும் கொடுத்ததும் அவரே என்று யோபு சொன்ன இடத்தோடு. அதற்குப் பின்னால் நாற்பத்தொரு அதிகாரங்கள் இருக்கின்றன. குடும்பத் தலைவர்களுக்கு ஞானோபதேசம் எழுதிய லுத்தரின் மகள் மக்தலேனா 1542இல் பதின்மூன்று வயதில் இறந்தாள். அவள் நல்ல இடத்துக்குப் போனதற்காக நன்றி சொல்ல வேண்டியவர்கள்தாம் நாங்கள், ஆனாலும் நானும் என் மனைவியும் அழாமல் அதைச் செய்ய முடியவில்லை என்ற பொருளில் அவர் நண்பருக்கு எழுதினார். உயிர்த்தெழுதலை அவரைவிட உறுதியாக நம்பியவர் என்று நாம் யாரைச் சொல்ல முடியும்?

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரே துக்கம் ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு விதமாக இருக்கும். பெத்தானியாவில் லாசரு இறந்தபின் மார்த்தாளும் மரியாளும் இயேசுவிடம் சொல்வது ஏறக்குறைய ஒரே வாக்கியம். நீர் இங்கே இருந்திருந்தால் சகோதரன் சாகமாட்டானே என்ற மனத்தாங்கல். மார்த்தாளோடு அவர் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசுகிறார். அவளுக்குப் பேச வேண்டியிருந்தது. மரியாளிடம் போதனை ஒன்றும் இல்லை, கண்ணீர் விடுகிறார். சில நிமிடங்களில் லாசருவை எழுப்பப்போகிறவர் அழுதார் என்பதை வைத்தே, தீர்வு கையில் இருப்பது அழாமலிருக்கக் காரணமாகாது என்று சொல்லிவிடலாம். எலியாவுக்கோ பேச்சும் தேவைப்படவில்லை, கண்ணீரும் தேவைப்படவில்லை. யேசபேலுக்குப் பயந்து ஓடி, சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழே படுத்தவனைத் தூதன் தட்டியெழுப்பிச் சாப்பிட வைக்கிறான், மறுபடி தூங்கவிடுகிறான், மறுபடி சாப்பிட வைக்கிறான். ஓரேப் மலையில் அவன் கேட்ட மெல்லிய சத்தம் அதற்கெல்லாம் பிறகுதான். மனநல மருத்துவம் உலகத்தின் காரியம், விசுவாசிக்கு ஜெபம் போதும் என்று இன்றும் பேசுகிறவர்கள் இந்தத் தூதன் செய்ததை எந்தக் கணக்கில் வைப்பார்கள்? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1950களில் மனநல மையம் தொடங்கியபோது, நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்க வேண்டும் என்பதையே சிகிச்சையின் பகுதியாக வைத்தது. அதே காலத்தில் அமிர்தசரஸில் மருத்துவர் வித்யா சாகரும் குடும்பத்தாரை மருத்துவமனை வளாகத்திலேயே தங்கவைத்தார். வியாதியஸ்தரை வீட்டிலிருந்து பிரித்து அடைப்பதே வழக்கமாக இருந்த காலம் அது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையில், நாட்டில் நடந்த தற்கொலைகளில் 31.7 சதவீதத்துக்குக் குடும்பப் பிரச்சினைகள் காரணமாகப் பதிவாகியிருக்கின்றன. வேறெந்தக் காரணமும் அந்த அளவுக்கு வரவில்லை. கிறிஸ்தவ வீடுகள் இதற்கு விலக்கு என்று நினைக்க எனக்கு ஆதாரம் ஒன்றும் தெரியவில்லை.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் ஆழமானது. தகப்பனையும் தாயையும் வெறுக்காதவன் தமக்குச் சீஷனாக முடியாது என்று சொன்ன இயேசுவின் பேரில் குடும்பத்தின் மனத்தேவைகளை இவ்வளவு தூக்கிப் பேசலாமா என்பது. ஜான் பனியனின் மோட்சப் பயணி, மனைவியும் பிள்ளைகளும் கூப்பிடக் கூப்பிடக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். அந்தக் கதையின் வழியில்தான் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் இரட்சணிய யாத்திரிகம் பாடினார். தமிழ்க் கிறிஸ்தவ மனத்தில் அந்தக் காட்சி ஆழப் பதிந்துவிட்டது. ஊழியத்துக்காக வீட்டை மறந்தவர் என்று ஒருவரைப் புகழும்போது நாம் அந்தப் பொத்திய காதுகளைத்தான் புகழ்கிறோம். ஆனால் பனியன் அதோடு நிற்கவில்லை. 1684இல் இரண்டாம் பாகம் எழுதி அந்த மனைவியையும் பிள்ளைகளையும் அதே பாதையில் நடத்திக்கொண்டு வந்தார்; அவர்களுடைய பயணம் கூட்டமாக, மெதுவாக, களைத்தவர்களுக்காக நின்று நின்று போகிறது. பெட்ஃபோர்ட் சிறையில் இருந்த காலத்தில் மனைவி பிள்ளைகளைப் பிரிந்தது எலும்பிலிருந்து சதையைப் பிய்த்தது போலிருந்தது என்றும், எல்லோரிலும் பார்வையில்லாத மகளை நினைத்தே அதிகம் கலங்கினதாகவும் அவரே எழுதினார். இயேசுவும் கொர்பான் என்று சொல்லிக் கடவுளுக்கு நேர்ந்துவிட்டதாகக் காட்டிப் பெற்றோரைக் கைவிட்டவர்களைக் கடுமையாகச் சாடினார். சிலுவையில் தொங்கியபடி தாயை யார் வீட்டில் விட்டுப்போவது என்று யோசித்தார். இந்த ஆட்சேபத்தில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது, அதை நான் ஒப்புக்கொள்கிறேன்: குடும்பம் கடவுளின் இடத்துக்கு வந்துவிடக்கூடாது. எல்க்கானா தவறியது அங்கேதான். தானே அவளுக்குப் போதுமானவன் என்று நினைத்தான். அன்னாள் அவனைத் தாண்டி ஆலயத்துக்குப் போனது குடும்பத்தைத் துறந்ததாகாது. ஒரு மனைவியின், ஒரு மகனின் முழுத் தேவையையும் நாம் தீர்த்துவிட மாட்டோம் என்று தெரிந்தவர்தான் பதறாமல் உட்கார்ந்து கேட்க முடியும்.

பிள்ளைகளையும் பெண்களையும் இப்படிப் பேசவிட்டால் வீட்டில் அதிகாரம் குலைந்துபோகும் என்ற பயம் வெளியே அதிகம் சொல்லப்படுவதில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் அதுதான் இருக்கிறது. பிள்ளைகளின் மனம் சோர்ந்துபோகும்படி அவர்களைக் கோபமூட்டாதீர்கள் என்று பவுல் கொலோசெயருக்கு எழுதியபோது, ரோமச் சட்டம் தகப்பனுக்குப் பிள்ளையின் உயிர்மேலேயே உரிமை கொடுத்திருந்தது. அந்த நாளில் ஒரு பிள்ளையின் சோர்வு தகப்பனின் பொறுப்பு என்று சொன்னது பெரிய துணிச்சல். அதிகாரம் மௌனத்தால் காக்கப்படுவதில்லை என்பதற்குத் தாவீதின் வீட்டைவிடச் சாட்சி வேண்டாம். அவன் மகள் தாமாரை அவள் அண்ணன் அம்னோன் கெடுத்தான். இன்னொரு அண்ணன் அப்சலோம் இதை மனத்தில் வைக்காதே, சும்மா இரு என்றான். தாவீது கேள்விப்பட்டு மிகவும் கோபப்பட்டான், அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு வருடம் ஒருவரும் ஒருவரோடும் அதைப் பேசவில்லை, பிறகு அப்சலோம் அம்னோனைக் கொல்லவைத்தான். அப்சலோம் மூன்று வருடம் கேசூரில் இருந்தான். திரும்பி எருசலேமுக்கு வந்தும் இரண்டு வருடம் தகப்பன் முகத்தைப் பார்க்க விடப்படவில்லை. எழுபத்துமூன்று சங்கீதங்களின் தலைப்பில் பெயருள்ள மனிதன், கடவுளிடம் எல்லாவற்றையும் சொல்லத் தெரிந்தவன், அந்தக் கொடுமைக்குப் பின் தன் மகளிடம் ஒரு வார்த்தை பேசியதாக அந்த அதிகாரங்களில் இல்லை. தாமாரின் வீட்டில் தேவைப்பட்டது ஆறுதல் மட்டுமல்ல, நீதியும்தான். அடியும் வன்முறையும் நடக்கிற வீட்டில் பொறுமையாயிரு, ஜெபித்துக்கொள் என்று அனுப்பிவைக்கும் சபை அப்சலோமின் வார்த்தையைத்தான் திரும்பச் சொல்கிறது.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஜெபிப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் இன்றைக்கு எது கஷ்டமாக இருந்தது என்று கேட்பது, பதில் வராவிட்டால் விட்டுவிடுவது, வந்தால் புத்தி சொல்லாமலிருப்பது. ஜெபிப்பவர் அதைச் சொன்னவரின் வார்த்தையிலேயே ஆண்டவரிடம் சொல்வது. பெரியவர்களும் தங்கள் பயத்தைச் சொல்வது. உபாகமத்தின் தகப்பன் தன் அடிமைத்தனத்திலிருந்துதான் தொடங்கினான். வெளிநாட்டில் இருக்கும் அப்பா வாட்ஸ்அப்பில் ஜெபித்து முடிக்கிற வீடுகளில் அந்த அழைப்பை ஐந்து நிமிடம் முன்னாலேயே தொடங்குவது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, பாயில் சொன்னது பாயிலேயே இருக்க வேண்டும். மகள் அழுதுகொண்டே சொன்னது ஞாயிற்றுக்கிழமை பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் ஜெப விண்ணப்பமாக எழுந்தால், அவள் இனி அந்த வீட்டில் எதையும் சொல்ல மாட்டாள். தமிழ்ச் சபைகளில் வம்பு பெரும்பாலும் ஜெபக்குறிப்பின் உடையில்தான் நடமாடுகிறது.

ஏலியிடம் திரும்ப வருகிறேன், ஏனென்றால் இந்த வாதம் முதலில் எட்ட வேண்டியது போதகர் வீடுகளை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் தன் தவறைத் திருத்திக்கொண்ட அந்த ஆசாரியன், தன் மகன்கள் ஓப்னியும் பினெகாசும் கூடாரவாசலில் செய்ததை ஊரார் சொல்லித்தான் கேள்விப்படுகிறார். கண்டிக்கிறார்; அவர்கள் கேட்கவில்லை. கேட்கும் வயதெல்லாம் கடந்துபோயிருந்தது. தன் வீட்டை நடத்தத் தெரியாதவன் சபையை எப்படிக் கவனிப்பான் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதைப் போதகர்மேல் சாட்டும் குற்றமாக மட்டும் பயன்படுத்துகிறோம். அவருக்கு வீட்டிலிருக்க நேரம் விட்டிருக்கிறோமா என்று சபை தன்னைக் கேட்பதில்லை. நாலு ஊர்த் துக்கத்தையும் கேட்டுவிட்டு இரவில் வரும் மனிதரிடம் சொந்தப் பிள்ளைகள் எதைச் சொல்வார்கள்? சில வருடங்களுக்கொரு முறை சேகரம் மாற்றல், புதுப் பள்ளிக்கூடம். போன இடத்திலெல்லாம் ஐயர் வீட்டுப் பிள்ளை என்று குறையில்லாமல் நிற்க வேண்டிய கட்டாயம். வாரத்தில் ஒரு மாலையாவது கூட்டமும் வீடு சந்திப்பும் இல்லாமல் போதகருக்கு விட்டுவிடச் சேகரக் கமிட்டிகளால் முடியும். போதகரின் மனைவி மனத்திலுள்ளதைச் சொல்ல வேண்டுமானால் இன்றைய ஏற்பாட்டில் மிஞ்சிப்போனால் பேராயரிடம் போகலாம். அங்கே சொன்னது கணவரின் அடுத்த மாற்றலைத் தொடும் என்று அவர் பயப்படுவதில் நியாயம் உண்டு. திருமண்டலம் ஒவ்வொன்றும் நிர்வாகத்தோடு சம்பந்தமில்லாத, பயிற்சி பெற்ற ஒருவரை இதற்கென்று வைக்கலாம், முடிந்தால் வேறு திருமண்டலத்தைச் சேர்ந்தவரை. கன்வென்ஷன் பந்தல் ஒன்றுக்கு ஆகும் செலவுகூட இதற்கு ஆகாது.